வாலிபப் பருவத்தில் பால் செரியாமை

பசுவும் எருமையும் கட்டியுள்ள வீட்டில் பாலைக் குறை கூறுவார் இலர். குழந்தைக்கும் நோயாளிக்கும் முதியவர்க்கும் முதலில் அளிக்கத்தக்க ஆகாரம் பாலே என்று தலைமுறை தலைமுறையாகக் கருதி வந்திருக்கிறோம். தசையை வளர்க்கும் புரதமும், எலும்பை உறுதிப்படுத்தும் சுண்ணாம்புச் சத்தும், உடலுக்கு வலிவு தரும் கொழுப்பும், பலவகை வைட்டமின்களும் பாலில் ஒருங்கே அமைந்திருப்பதால் அக்கருத்துப் பெரும்பாலும் சரியானதே. ஆயினும், இதே வீடுகளில் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளிற் சிலர், பதினைந்து, இருபது வயதை எட்டும் சமயத்தில், "பால் குடித்தால் வயிறு ஒத்துக்கொள்வதில்லை" என்று சொல்லத் தொடங்குகின்றனர். பெரியோர் இதைச் சாக்குப்போக்கு என்றோ, பட்டணத்து நாகரிகம் என்றோ எண்ணிக் கடிந்துகொள்வதுண்டு. பிள்ளைகளோ, தமக்கு ஏதோ பெருநோய் வந்துவிட்டதென அஞ்சி, பால், தயிர், மோர் அனைத்தையும் ஒருங்கே விட்டுவிடுகின்றனர்.

இவ்விரண்டும் தவறு. பிள்ளை கூறுவது மெய். ஆனால் அது பெருநோய் அன்று. பாலைக் கட்டாயப்படுத்திப் புகட்டவும் வேண்டியதில்லை. பாற்பொருள்களை அடியோடு விலக்கவும் வேண்டியதில்லை. இத்தொல்லை எதனால் உண்டாகிறது, அதை எங்ஙனம் அறிந்துகொள்வது, கறவை வைத்துள்ள குடும்பங்கள் இது விஷயத்திற் செய்யத்தக்கது யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு குடும்பத்தின் நிலை

இரண்டு கறவைகள் வைத்துள்ள ஒரு குடும்பத்தை மனத்திற் கொள்வோம். மூத்த மகன் பள்ளிப் படிப்பு முடிந்து வெளியூர்க் கல்லூரியிற் சேருகிறான். உடம்பு இளைத்துவிடக்கூடாதென்று தாய் சொல்லியனுப்பியபடி, விடுதியில் தினந்தோறும் காலையில் வெறும் வயிற்றில் பெரிய டம்ளர் நிறையப் பால் குடிக்கிறான். முற்பகல் வகுப்பில் அமர்ந்திருக்கையில் வயிற்றில் இரைச்சல் உண்டாகிறது, வயிறு உப்பி, தொப்புளைச் சுற்றி முறுக்கி வலிக்கிறது, வாயு பிரிகிறது, சில நாட்களில் நீராகக் கழிகிறது. வெட்கத்தினால் இதை அவன் ஒருவரிடமும் கூறுவதில்லை. மருந்துக் கடையில் ஏதோ மாத்திரை வாங்கி விழுங்குகிறான். விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, பாலைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறான். தயிரும் மோரும் பாலிலிருந்து வந்தவைதாமே என்று அவற்றையும் ஒதுக்குகிறான்.

எலும்பு முதிர்ந்து உறுதி பெறவேண்டிய வயதில் சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஆகாரங்களை அவன் இழக்கிறான். மரக்கறி உணவினனாயின், பி-12 என்னும் வைட்டமினுக்கு அவனுக்குள்ள முக்கியமான வழியும் அடைபடுகிறது. அறியாமையினால் விளையும் நஷ்டம் இதுவே. வயிற்று வலியைக் காட்டிலும் இது பெரிது.

பாலிலுள்ள சர்க்கரை

பாலில் நாம் சேர்க்கும் சர்க்கரையன்றி, இயற்கையாகவே ஒரு சர்க்கரை உண்டு. அதற்குப் பால் சர்க்கரை அல்லது லாக்டோஸ் என்று பெயர். கரும்புச் சர்க்கரையைப் போல் அது மிகுதியாக இனிப்பதில்லை. ஆதலால் பலருக்கு அது பாலில் இருப்பதே தெரியாது. பசுவின் பாலில் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 4.5 முதல் 5 கிராம் வரையிலும், எருமைப் பாலில் ஏறக்குறைய 5 கிராமும், தாய்ப்பாலில் ஏறக்குறைய 7 கிராமும் பால் சர்க்கரை இருக்கின்றது. ஆகவே, 200 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு டம்ளர் பசும்பாலைக் குடிப்பவர் ஒன்பது அல்லது பத்துக் கிராம் பால் சர்க்கரையை உட்கொள்கிறார்.

இச்சர்க்கரை, குளுக்கோஸ், காலக்டோஸ் என்னும் இரு சிறு சர்க்கரைகள் ஒன்றோடொன்று பிணைந்து உண்டானதாகும். பிணைந்த நிலையில் அது குடலின் சுவரைக் கடந்து இரத்தத்திற் சேராது. சிறுகுடலின் உட்சுவரில் லாக்டேஸ் என்னும் ஒரு நொதி இருக்கின்றது. அதுவே இப்பிணைப்பை அறுத்து இரண்டையும் தனித்தனியே பிரிப்பது. பிரிந்தவை உடனே உறிஞ்சப்பட்டு உடலுக்கு வலிவு தருகின்றன.

இந்நொதி குறைந்திருப்பின் பால் சர்க்கரை பிரியாமல் அப்படியே கீழே இறங்குகிறது. இறங்கும் வழியில் அது தண்ணீரைக் குடலினுள் இழுத்துக்கொள்கிறது. கழிச்சல் நீராக இருப்பதற்கு இது ஒரு காரணம். பின்னர்ப் பெருங்குடலை அடைந்ததும், அங்கு வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச் செய்கின்றன. பதனீர்ப் பானையில் நுரை பொங்குவதுபோல் ஹைட்ரஜன், கரியமிலவாயு முதலிய வாயுக்கள் அங்குக் கிளம்புகின்றன. உப்புசம், இரைச்சல், முறுக்கு வலி ஆகியவை இவ்வாயுக்களின் செயலே. குடலுக்குப் புண்ணோ சேதமோ இதனால் விளைவதில்லை என்பதை மனத்திற் கொள்ளவேண்டும்.

வயது வந்தபின் குறைவது ஏன்?

மாடு வளர்ப்போர்க்கு இதன் காரணத்தை விளக்குதல் எளிது. பிறந்த கன்றுக்குப் பாலே ஆகாரம். அது புல் கடிக்கத் தொடங்கிப் பாலை மறந்தபின் மீண்டும் பால் குடிக்கும் தேவை அதற்கு இல்லை. ஆகவே பால் சர்க்கரையைப் பிளக்கும் நொதியும் அதன் குடலிற் குறைந்துவிடுகிறது. பாலூட்டும் பிராணிகள் யாவற்றிற்கும் பொதுவான இயற்கை இது. வளர்ந்த பூனைக்குக் கிண்ணம் நிறையப் பால் வைத்தால் அதற்குக் கழிச்சல் உண்டாவதும் பெரும்பாலும் இதனாலேயே.

மனிதருக்கும் இயற்கை அதுவே. உலக மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர்க்குக் குழந்தைப் பருவம் கடந்தபின் இந்நொதி படிப்படியாகக் குறைகிறது. எஞ்சிய ஒரு பங்கினர்க்கே ஆயுள் முழுவதும் அது குறையாமல் நிற்கிறது. எனவே, வளர்ந்தபின் பால் செரிக்காதிருப்பது ஊனம் என்றும், செரிப்பது இயல்பு என்றும் எண்ணுதல் தலைகீழான எண்ணமாகும். குறையாமல் நிற்பதே பிற்காலத்தில் மனிதரிற் சில கூட்டத்தார்க்குக் கிடைத்த விசேஷப் பேறு.

அப்பேறு பரம்பரையாக வருவது. நொதியை உண்டாக்கும் மரபணுவின் அருகேயுள்ள ஒரு சிறு மாறுதல், அது வயது வந்தபின்னும் அடங்காமல் வேலை செய்யும்படி செய்கிறது என்று பின்லாந்து நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 2002-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். ஐரோப்பாவின் வடபகுதியில் இம்மாறுதல் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் மாடு மேய்க்கும் சில கூட்டத்தாரிடம் இதே பயனைத் தரும் வேறு மாறுதல்கள் உள்ளன என்பது 2007-ல் வெளியாயிற்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கறவை மாடுகளை நம்பி வாழ்ந்த இடங்களில், பாலைச் செரிக்க வல்லோர் மிகுதியாக நிலைத்துப் பெருகினர் என்பது இவற்றால் விளங்குகிறது.

நமது நாட்டின் நிலையை இனி நோக்குவோம். 1981-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தில்லியிலும், தெற்கே புதுச்சேரி, திருவனந்தபுரம் ஆகிய இரு நகரங்களிலும் நோயற்ற 200 பேரைச் சோதித்தனர். பால் சர்க்கரை செரியாதிருந்தோர் தில்லியில் நூற்றுக்கு 27 பேரும், தென்னாட்டு நகரங்களில் நூற்றுக்கு 66 பேரும் ஆவர். பின்னர் நாடெங்கும் மரபணுக்களை ஆராய்ந்தபோதும், பாலைச் செரிக்கச் செய்யும் மாறுதல் வடமேற்கில் மிகுந்தும், கிழக்கும் தெற்கும் நோக்கி வரவரக் குறைந்தும் இருப்பதே தெரிந்தது. ஆகவே, தமிழ்நாட்டு வாலிபர் ஒருவர்க்குப் பால் செரிக்கவில்லை என்றால் அதில் வியப்புறுவதற்கு ஒன்றுமில்லை.

நொதி ஒரே நாளில் மறைவதன்று. சிறுகச் சிறுகக் குறைவது. சிறு வயதில் ஒரு தொல்லையுமின்றிப் பால் குடித்தவர்க்குப் பதின்பருவத்திலோ வாலிபத்திலோ குறிகள் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

குறிகளும் அவற்றின் அளவும்

பால் குடித்து அரைமணி முதல் இரண்டு மணி நேரத்திற்குள் வயிறு உப்புதல், இரைச்சல், முறுக்கு வலி, மிகுதியாக வாயு பிரிதல், சிலர்க்குக் குமட்டல், நீராகக் கழிதல் ஆகியவை இதன் குறிகளாம். இவை குடித்த பாலின் அளவைப் பொறுத்துக் கூடும், குறையும். பால் சர்க்கரை செரியாதவர்களும், ஒரே வேளையில் 12 கிராம் வரையில், அதாவது ஏறக்குறைய 250 மில்லிலிட்டர் பால் வரையில், பெருந்தொல்லை இன்றித் தாங்குவர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் ஒப்பிய முடிபு. சிலர் அதற்கும் குறைந்த அளவிலேயே துன்புறுவர். வெறும் வயிற்றில் ஒரே மூச்சிற் குடித்த பால் அதிகத் தொல்லை தரும். அதே பாலைச் சோற்றுடன் கலந்தோ, மற்ற ஆகாரத்திற்குப் பின்னரோ உட்கொண்டால், இரைப்பையிலிருந்து மெல்ல இறங்குவதனால் தொல்லை குறையும். காப்பியிலும் தேநீரிலும் சேரும் சிறிதளவு பால் பெரும்பாலோரை ஒன்றும் செய்வதில்லை.

தனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்று உறுதியாகச் சொல்லும் ஒவ்வொருவர்க்கும் காரணம் பாலே என்று முடிவுசெய்யவும் இயலாது. 1995-ல் அமெரிக்க நாட்டில் இத்தகைய 30 பேரைச் சோதித்தனர். அவர்களில் ஒன்பது பேர்க்குப் பால் சர்க்கரை நன்றாகவே செரித்தது. ஏனையோர்க்குங்கூட, இன்னதென்று அறிவிக்காமல் காலை உணவுடன் நாள்தோறும் 240 மில்லிலிட்டர் பால் கொடுத்தபோது, பால் சர்க்கரை நீக்கிய பாலுக்கும் சாதாரணப் பாலுக்கும் சொல்லத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. வெங்காயம், பயறு வகைகள், கோதுமை முதலியவற்றாலும், உறக்கக் கேட்டாலும், மனக்கவலையாலும் வயிறு உப்புதல் உண்டு. பரீட்சைக் காலத்து வயிற்று வலிக்குப் பாலின்மேற் பழி சுமத்துவது எளிது. ஆனால் அது நியாயமாகாது.

மயங்கக்கூடாத வேறு நோய்கள்

பால் செரியாமை வேறு, பால் ஒவ்வாமை வேறு. ஒவ்வாமை என்பது பாலிலுள்ள புரதத்தை உடல் பகையெனக் கருதி எதிர்ப்பதால் வருவது. அது பெரும்பாலும் சிறு குழந்தைகளிடம் காணப்படும். தோலில் தடிப்பு, முகவீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை அதன் அடையாளங்கள். அதில் ஒரு சொட்டுப் பாலும் ஆபத்தாகலாம். உடனே வைத்தியரை நாடவேண்டும்.

கடுமையான வயிற்றுப்போக்கு நோய் வந்து போனபின் சில நாட்களோ சில வாரங்களோ பால் செரியாதிருப்பதும் உண்டு. குடலின் உட்சுவர் நோயினால் நைந்து போவதே அதற்குக் காரணம். சுவர் ஆறியதும் நொதி திரும்பிவிடும். இது தற்காலிகமான நிலை. இதனை ஆயுள் முழுவதற்கும் உரியதாகக் கொள்ளலாகாது.

கைக்குழந்தையின் விஷயத்தில் மிக எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். நொதி குறைதல் வளர்ந்தபின் நிகழ்வது. குழந்தைக்கு அது நிறைந்திருக்கும். பிறவியிலேயே நொதி இல்லாதிருப்பது மிக மிக அரிது. ஆகவே, குழந்தைக்கு வயிறு சரியில்லை என்று தாய்ப்பாலை நிறுத்துதல் ஒருபோதும் கூடாது. வயிற்றுப்போக்கின் போதும் தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுக்கவேண்டும்.

மலத்தில் இரத்தம் காணல், காரணமின்றி உடல் இளைத்தல், விடாத காய்ச்சல், இரத்தசோகை, இரவில் உறக்கத்தினின்று எழுப்பும் கழிச்சல் ஆகியவை பால் செரியாமையின் குறிகள் அல்ல. இவற்றில் ஒன்று இருப்பினும் வீட்டு வைத்தியத்தில் நாட்களைப் போக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

கண்டறியும் முறை

ஆஸ்பத்திரிகளில் இதை அறிய இரண்டு சோதனைகள் உள்ளன. குறித்த அளவு பால் சர்க்கரையை நீரிற் கரைத்துக் குடிக்கச் செய்து, மூச்சுக் காற்றிலுள்ள ஹைட்ரஜனை மூன்று மணி நேரம் வரையில் அவ்வப்போது அளப்பது ஒன்று. செரியாத சர்க்கரையைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்யும்போது உண்டாகும் ஹைட்ரஜன் இரத்தத்திற் கலந்து மூச்சின் வழியே வெளிவருவதே இச்சோதனைக்கு ஆதாரம். இரத்தத்திற் குளுக்கோஸ் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது மற்றொன்று. 100 மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமாவது ஏறாவிடில் சர்க்கரை செரிக்கவில்லை என்று கொள்வர்.

அபாயக் குறிகள் இல்லாதோர் வீட்டிலேயே எளிய முறையிற் பார்க்கலாம். இரண்டு வாரங்கள் பாலையும் பாலினால் ஆன இனிப்புகளையும் நிறுத்தி, நாள்தோறும் வயிற்றின் நிலையை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவரவேண்டும். பின்னர், நான்கில் ஒரு டம்ளர் பாலை உணவுடன் உட்கொண்டு, சில நாட்களுக்கு ஒரு முறை அரை டம்ளர், முக்கால் டம்ளர் என உயர்த்தவேண்டும். எந்த அளவில் தொல்லை தொடங்குகிறதோ அதற்குச் சற்றுக் கீழ்ப்பட்டதே அவருடைய எல்லை. நிறுத்தியபோதும் தொல்லை நீங்காவிடில் காரணம் வேறு என்று தெளியலாம். ஊகத்தினால் விலக்குவதினும் இவ்வாறு அளந்தறிதல் மேலானது. இழந்த நொதியை மருந்தினாலோ பழக்கத்தினாலோ மீண்டும் வளரச் செய்ய முடியாது. ஆயினும், சிறிது சிறிதாக இடைவிடாது உட்கொண்டு வந்தால், பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அதற்குப் பழகி வாயுத்தொல்லை குறைவதுண்டு.

தயிரும் மோரும்

வயது வந்தோர் பாலைத் தயிராக்கி உண்ணும் நம் வழக்கம் இங்குப் பெரிதும் துணை செய்கிறது. பாலுக்கு உறை ஊற்றியதும், உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள் பால் சர்க்கரையை உண்டு புளிப்பாக்குகின்றன. தயிர் தோய்வதற்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சர்க்கரை கழிந்துவிடுகிறது. நன்கு புளித்த தயிரில் இன்னும் சிறிது குறையும்.

இதனினும் முக்கியமானது மற்றொன்று. தயிரிலுள்ள உயிருள்ள நுண்ணுயிர்கள் தம்முள் பால் சர்க்கரையைப் பிளக்கும் நொதியைக் கொண்டுள்ளன. அவை இரைப்பையைக் கடந்து சிறுகுடலை அடைந்தபின், நம் குடலில் இல்லாத நொதியின் வேலையைத் தாமே ஓரளவு செய்கின்றன. 1984-ல் நடந்த ஒரு சோதனையில், பால் செரியாதவர்களுக்கு 18 கிராம் பால் சர்க்கரையைப் பாலாகவும், மேனாட்டார் யோகர்ட் என வழங்கும் தயிராகவும் கொடுத்துப் பார்த்தனர். தயிராக உண்டபோது மூச்சில் வெளிவந்த ஹைட்ரஜன், பாலாகக் குடித்தபோது வந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே இருந்தது. வீட்டு உறைமோரிலுள்ள நுண்ணுயிர் வகைகள் வீட்டுக்கு வீடு மாறுமாதலால் பயனும் சற்று மாறும். தயிரைக் கொதிக்க வைத்தால் நுண்ணுயிர்கள் மடிந்து இந்நன்மை குறைந்துவிடும். ஆதலின், மோர்க்குழம்பைவிடத் தயிர்ச்சோறும் நீர்மோரும் இதற்கு ஏற்றவை.

மங்கோலிய நாட்டு மேய்ப்பர்களிடம் நொதி குறையாத பேறு மிக அரிது. அங்ஙனமிருந்தும் குதிரைப் பால், மாட்டுப் பால் முதலியவற்றைப் புளிக்க வைத்தும், உலரக் கட்டியும் அவர்கள் காலங்காலமாக உண்டு வாழ்கின்றனர். பாலைப் பதப்படுத்தும் கைத்திறன், உடலின் குறையை நிரப்பவல்லது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

மற்றப் பாற்பொருள்களில், நெய்யில் பால் சர்க்கரை இல்லையென்றே கூறலாம். வெண்ணெயில் மிகச் சிறிது. பால் திரித்துத் தண்ணீர் வடித்த பன்னீரில் குறைவு. ஏனெனில் சர்க்கரையிற் பெரும்பகுதி வடிநீரோடு போய்விடுகிறது. ஆனால் பால்கோவா, திரட்டுப்பால் முதலியன இதற்கு நேர்மாறானவை. ஒரு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சினால் நீர் மட்டுமே ஆவியாகும். அதிலிருந்த ஏறக்குறைய 45 கிராமுக்கு மேற்பட்ட பால் சர்க்கரை முழுவதும் கோவாவிலேயே தங்கிவிடும். பால் பொடியும் அத்தகையதே.

நம்பத்தகாத சில கூற்றுகள்

நாட்டுப் பசுவின் பாலாயின் செரித்துவிடும் என்று சிலர் கூறி அதிக விலைக்கு விற்கின்றனர். நாட்டுப் பசுக்களைப் போற்றுவதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் ஏ-1, ஏ-2 என்னும் வேற்றுமை பாலின் புரதத்தைச் சார்ந்தது. பால் சர்க்கரை இரண்டிலும் ஒரே அளவுதான். வெள்ளாட்டுப் பாலிலும் அது பசும்பாலுக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே உள்ளது. நன்றாகக் காய்ச்சினால் சர்க்கரை அழிந்துவிடும் என்பதும் தவறு. மஞ்சளோ பனங்கற்கண்டோ சேர்ப்பதாலும் அது பிளவுபடாது. தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தால் ஒரு டம்ளரில் உள்ள அளவு குறையுமேயன்றி, முழுப்பாலையும் குடித்தால் உட்செல்லும் அளவு ஒன்றே.

நொதியைச் சேர்த்து முன்கூட்டியே சர்க்கரையைப் பிரித்த பால் கடைகளில் விற்கப்படுகிறது. அதிற் பிறவகைச் சத்துகள் குறைவதில்லை. சற்று அதிகமாக இனிக்கும். விலை கூடுதலாதலால், வீட்டில் தயிர் தோய்க்கும் வசதியுள்ளோர்க்கு அது இன்றியமையாததன்று.

எலும்புக்கு வேண்டிய சத்து

எலும்பின் திண்மை இளமையிற் சேர்த்து வைக்கும் முதல் போன்றது. முப்பது வயதிற்குள் சேர்த்ததை வைத்தே பிற்காலம் கழியவேண்டும். வயது வந்தோர்க்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிலையம் 2020-ல் வகுத்துள்ளது. பசும்பால் 100 மில்லிலிட்டரில் ஏறக்குறைய 118 மில்லிகிராம் உண்டு. பாலைத் தயிராக்குவதால் இச்சத்து குறைவதில்லை.

நமது புன்செய்த் தானியமாகிய கேழ்வரகு இதில் ஈடற்றது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 360 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கின்றது. பால் சர்க்கரை அறவே இல்லை. ஐம்பது கிராம் கேழ்வரகு மாவினால் ஆன கூழில் ஏறக்குறைய 180 மில்லிகிராமும், அதனுடன் சேரும் 200 மில்லிலிட்டர் பாலின் தயிரைக் கடைந்த மோரில் ஏறக்குறைய 230 மில்லிகிராமும் ஆக, ஒரு வேளை ஆகாரத்திலேயே நாட்தேவையில் ஐந்தில் இரண்டு பங்கு அமைந்துவிடுகிறது. மாவை இரவில் புளிக்க வைப்பதால், தானியத்திலுள்ள சத்துகளை உடல் ஏற்பதும் எளிதாகிறது. நம் முன்னோர் உழவுக்குச் செல்லுமுன் குடித்த மோர் கலந்த கேழ்வரகுக் கூழ், பால் செரியாத கல்லூரி மாணவனுக்கும் தக்க காலை உணவாகும். முருங்கைக் கீரை, எள், முள்ளோடு உண்ணும் சிறு மீன்கள் ஆகியவற்றையும் அடிக்கடி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கறவைக் குடும்பங்கள் கவனிக்கவேண்டியவை

கறந்த பால் முழுவதையும் சங்கத்திற்கு அளந்துவிட்டு, வீட்டுக்கு ஒரு துளியும் வைக்காத குடும்பங்கள் பல. வீட்டிலுள்ளவர்க்குப் பால் செரியாதாகையால் வைத்துத்தான் என்ன பயன் என்று கருதவேண்டா. ஆளுக்குக் கால் லிட்டர் வீதமேனும் நிறுத்தித் தயிர் தோய்த்து வருதல் நலம்.

பாலை நன்கு காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டிற்கு ஆறவிட்டு, முதல்நாள் தயிரில் ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கலக்கி, அசையாமல் மூடிவைக்கவேண்டும். பாத்திரத்தைக் கொதிநீரிற் கழுவியிருத்தல் அவசியம். கோடையில் ஐந்தாறு மணி நேரத்திலும், குளிர்காலத்தில் அதற்கு மேலும் தோயும். நுரைத்தோ, நூலிழையாக இழுத்தோ, கெட்ட நாற்றம் வீசியோ காணப்படும் தயிரிலிருந்து உறை எடுக்கலாகாது. நல்ல உறைமோரை அண்டை வீட்டிலிருந்து புதிதாகப் பெற்றுக்கொள்வதே முறை.

மடிநோய்க்காக நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலுத்தப்பட்ட மாட்டின் பாலில் உறை சரியாகப் பிடிக்காது. மருந்து பாலில் இறங்கி உறைமோரின் நுண்ணுயிர்களையும் கொல்வதே காரணம். கால்நடை வைத்தியர் குறிப்பிடும் நாட்கள் வரையில் அப்பாலை வீட்டுக்கும் வைக்கலாகாது, விற்கவும் கூடாது.

பேருந்து நிலையங்கள், கல்லூரிகள் முதலியவற்றிற்கு அருகிலுள்ள ஊர்களில், சுத்தமாகக் கடைந்த மோருக்கும் தயிருக்கும் நல்ல கிராக்கி உண்டு. பாலாக வாங்கிக் குடிக்கத் தயங்கும் வாலிபர் மோராக வாங்கிக் குடிப்பர். வெண்ணெயும் நெய்யும் உபரி வருமானம். இதைச் செய்வோர் கடைவதற்குச் சேர்க்கும் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாயிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அசுத்த நீர் சேர்த்த மோரால் வரும் வயிற்றுப்போக்கைப் பால் செரியாமை என்று மக்கள் மயங்குவதற்கு இடம் கொடுக்கலாகாது.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. வளர்ந்த பிள்ளை பாலை ஒதுக்கும்போது கடிந்து பேசாமல், எப்பொழுது, எவ்வளவு குடித்தபின் என்ன தொல்லை உண்டாகிறது என்று அமைதியாகக் கேளுங்கள். வயிற்றைப் பற்றிப் பேசுவது வெட்கப்படத்தக்க விஷயம் அன்று. கேட்டறிந்தபின், காலைப் பால் டம்ளருக்குப் பதிலாகக் கேழ்வரகுக் கூழும் மோரும் வையுங்கள். பகலில் தயிர்ச்சோறு கட்டிக் கொடுங்கள். கொட்டிலில் நிற்கும் பசுவின் பயன் அவ்வழியாகவே பிள்ளையின் உடம்பிற் சேரும்.